பத்துக் கிலோக் கழிவும் ஒரு புள்ளடியும்

உள்ளூராட்சித் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "வீதிக்கு லைற் போடுறதுக்கும் குப்பை அள்ளுறதுக்கும் ஆர் வந்தால் என்ன?" பாராளுமன்றத் தேர்தல் முடிவை விடிய விடிய விழித்திருந்து பார்க்கிற அதே ஆட்கள்தான் இப்படிச் சொல்வார்கள். பிரதேச சபைத் தேர்தலன்று வெயில் தாழப் போகலாம் என்று வீட்டில் இருப்பார்கள். நேரத்தைப் பார்க்கும்போது வாக்கெடுப்பு முடிந்திருக்கும்.

அப்படிப் பேசுகிறவரின் முன்னால் இருக்கும் வடைத் தட்டைக் கொஞ்சம் பார்க்கலாம். அந்தக் கடைக்கு வியாபார உரிமம் கொடுப்பது சபை. வடைக்குள் கிடக்கும் வெங்காயம் கைமாறிய சந்தை சபையின் சொத்து. தோட்டத்திலிருந்து அந்த வெங்காயத்தை லான்ட்மாஸ்டர் ஏற்றிவந்த உள்வீதியைத் திருத்த வேண்டியதும் சபைதான். எச்சிலிலையும் மரக்கறித் தோலும் கடைசியில் ஏறப்போவது சபையின் உழவு இயந்திரப் பெட்டியில். "ஆர் வந்தால் என்ன" என்று கேட்டவர் ஒரு வடை தின்று முடிப்பதற்குள் நாலு தடவை சபையின் கையைத் தொட்டுவிடுகிறார்.

நெல்லின் உத்தரவாத விலை, உர மானியம், பருப்புக்கும் சீனிக்குமான இறக்குமதி வரி எல்லாம் கொழும்பில் தீர்மானமாகின்றன. ஆனால் தோட்டத்து வரம்பிலிருந்து குசினி வாசல் வரை சாப்பாடு கடந்து வருகிற கடைசித் தூரம் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகிய மூன்றையும் சபைகளிடம் ஒப்படைத்திருக்கிறது. சந்தை, இறைச்சிக் கடை, கொல்களம், வெதுப்பகம், உணவகம், வடிகால், குப்பை என்று சாப்பாட்டோடு சம்பந்தப்பட்ட பல விடயங்கள் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

ஒரு ஊர், இரண்டு சபைகள்

இதை ஊரளவில் பார்க்க அரியாலை நல்ல இடம். யாழ் நகரத்துக்குக் கிழக்கே, கண்டி வீதி நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் போகும் வழியில் இருக்கிறது. மாம்பழம் சந்தி, புங்கங்குளம் புகையிரத நிலையம் என்று மேற்குப் பக்கம் நகரத்தோடு ஒட்டிய குடிமனைகள். கிழக்கே போகப் போக வீடுகள் ஐதாகி, வயலும் பனங்கூடலும் வந்து, பூம்புகாருக்கு அப்பால் ஊர் கடனீரேரியில் முடிகிறது. கமம் செய்கிறவர், கடற்றொழில் செய்கிறவர், மாடு வளர்க்கிறவர், நகரத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு சந்தையில் மரக்கறி வாங்குகிறவர் எல்லோரும் இந்த ஒரே ஊருக்குள் இருக்கிறார்கள்.

இந்த ஊரின் ஒரு பகுதி யாழ்ப்பாணம் மாநகர சபைக்குள் வருகிறது. மற்றப் பகுதி நல்லூர் பிரதேச சபைக்குள் வருகிறது. ஒரே பெயருள்ள ஊரில் இருக்கும் இரண்டு வீட்டார் சோலைவரியை இரண்டு இடத்தில் கட்டுகிறார்கள். குப்பை வண்டி வராவிட்டால் இரண்டு வேறு அலுவலகங்களுக்கு முறையிடப் போகிறார்கள். ஆனால் விளைச்சலை விற்கவும் மரக்கறி வாங்கவும் பலர் போவது ஒரே பக்கம்: யாழ்ப்பாணம் நகரச் சந்தைக்கு அல்லது திருநெல்வேலிச் சந்தைக்கு. முதலாவது மாநகர சபையின் எல்லைக்குள் இருக்கிறது. இரண்டாவது நல்லூர் பிரதேச சபையின் கீழ் இருக்கிறது.

தராசடியில் நடப்பது

குடாநாட்டுச் சந்தைகளில் பொழுது புலரும் முன்பே வேலை தொடங்கிவிடும். கோண்டாவில், ஊரெழு, நீர்வேலி, புத்தூர்ப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களிலிருந்து கத்தரி, பயிற்றை, பீற்றூட், கோவா, வெங்காயம், மரவள்ளி, வாழைக்குலை என்று பருவத்துக்கேற்ற பொருள் வந்து இறங்கும். முதல்நாள் பின்னேரம் பிடுங்கி, இரவு சாக்கில் கட்டி, விடியச் சைக்கிளிலோ லான்ட்மாஸ்டரிலோ ஏற்றி வந்த கமக்காரர் வியாபாரியின் தராசுக்கு முன்னால் நிற்பார். தராசு 100 கிலோ காட்டும். துண்டில் 90 என்று எழுதப்படும்.

இடையில் போன பத்துக் கிலோவுக்குக் கழிவு என்று பெயர். அழுகல், நசுங்கல், காம்பு, ஒட்டிய மண், வெயிலில் காய்ந்து குறையும் நிறை ஆகியவற்றை ஈடுசெய்ய வியாபாரி முன்கூட்டியே கழித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. காய் எவ்வளவு திறமாக இருந்தாலும் கழிவு கழிவுதான். கிலோ 200 ரூபா போகும் நாளில் நூறு கிலோ கொண்டுவந்தவர் 2,000 ரூபாவைத் தராசடியிலேயே விட்டுவிட்டுப் போகிறார். கிணற்றுக்கு இறைப்பு இயந்திரம் பூட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி, கூலி கொடுத்து விளைவித்த காயில் பத்தில் ஒரு பங்கு அது. வியாபாரிகளிடம் கேட்டால் அவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கும்: வெளியூர் லொறியில் ஏற்றி அனுப்பும் மரக்கறியில் ஒரு பங்கு வழியிலேயே பழுதாகிறது, அந்த நட்டத்தை யார் தாங்குவது என்பார்கள்.

கமக்காரர் அமைப்புகள் பல காலமாக இதை எதிர்த்து முறையிட்டு வருகின்றன. கழிவை நிறுத்த வேண்டும் என்று மாவட்ட மட்டக் கூட்டங்களில் பேசப்பட்டும் தீர்மானிக்கப்பட்டும் இருக்கிறது. ஆனால் மாவட்டச் செயலகத்தில் எடுத்த தீர்மானத்தை விடிகாலை ஐந்து மணிக்குத் தராசடியில் நின்று நடைமுறைப்படுத்துவது யார்? சந்தைக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் சபை. கடைகளை வாடகைக்குக் கொடுப்பதும் குத்தகைக்கு விடுவதும் சபை. எந்த நிபந்தனையில் ஒரு வியாபாரி அந்தக் கூரைக்குக் கீழே இருக்கலாம் என்று எழுதக்கூடியதும் சபைதான். சந்தைக்கென உபவிதி ஆக்கவும், அதை மீறினால் நடவடிக்கை எடுக்கவும் சட்டம் சபைக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பாவிக்க விருப்பமுள்ள உறுப்பினர்கள் போதுமான தொகையில் சபைக்குள் இருக்கிறார்களா என்பதை வாக்கு மட்டுமே தீர்மானிக்கிறது.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. சந்தைகளையும் இறைச்சிக் கடைகளையும் ஆண்டுக் குத்தகைக்கு விடுவது சபைகளின் முக்கிய வருமான வழிகளில் ஒன்று. கூடிய தொகைக்குக் கேள்வி கோருகிறவருக்குக் குத்தகை போகும். கட்டிய பணத்தை அவர் எங்கே எடுப்பார்? கடகம் வைத்து நாலு கட்டுக் கீரை விற்கும் பெண்ணிடமும், சாக்கு இறக்கும் கமக்காரரிடமும்தான். அந்தச் செலவு கீரையின் விலையில் ஏறி வாங்குகிறவரிடம் போய்ச் சேரும். சபையின் கணக்கில் நல்ல வருமானமாகத் தெரிகிற தொகை, அரியாலைக் குசினியில் மரக்கறிச் செலவாகத் தெரிகிறது. எவ்வளவு குத்தகை போதும், விற்பவரிடம் எவ்வளவு அறவிடலாம், அறவிட்ட பணத்தில் எவ்வளவு திரும்பச் சந்தையின் கூரைக்கும் கழிப்பறைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் போக வேண்டும் என்பதெல்லாம் ஒரு மன்றம் கூடி எடுக்கிற முடிவுகள்.

பிரேசிலில் ஒரு நகரம் செய்தது

குத்தகை நிபந்தனையையே மக்களின் வயிற்றுக்காகத் திருப்பிய நகரம் ஒன்று உண்டு. பிரேசிலின் பெலோ ஒரிசோன்ரேயில் 1992 தேர்தலில் வென்று முதல்வரான பத்ருஸ் அனானியாஸ், 1993இல் மாநகர சபைக்குள் உணவு வழங்கலுக்கென்றே ஒரு தனிப் பிரிவை உருவாக்கினார். சபைக்குச் சொந்தமான நல்ல இடங்கள் வியாபாரிகளுக்குக் கொடுக்கப்பட்டன. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: ஏறத்தாழ இருபது அத்தியாவசியப் பொருட்களைச் சபை சொன்ன விலைக்கு விற்க வேண்டும். மற்றப் பொருட்களை அவர்கள் தங்கள் விலைக்கு விற்கலாம். சுற்றுப்புறக் கமக்காரர் இடைத்தரகர் இல்லாமல் நேரே விற்க நகரத்துக்குள் இடங்கள் ஒதுக்கப்பட்டன. மலிவு விலையில் சமைத்த சாப்பாடு கொடுக்கும் மக்கள் உணவகங்கள் திறக்கப்பட்டன. இத்தனைக்கும் சபையின் பாதீட்டில் செலவானது இரண்டு வீதத்துக்கும் குறைவு.

தமிழ் வாசகருக்குக் கிட்டிய உதாரணம் சென்னை மாநகராட்சியின் அம்மா உணவகம். 2013 பெப்ரவரி 19 அன்று தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய்க்கும் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்க்கும் விற்கப்பட்டன. திட்டம் மாநில அரசிடமிருந்து வந்தது. ஆனாலும் இடம், தண்ணீர், சமையற்கூடம், சுய உதவிக் குழுப் பெண்களுக்கான வேலை என்று நாளாந்த நிர்வாகம் முழுவதும் மாநகராட்சியிடம் இருந்தது.

வடக்கில் இதற்கு நெருங்கியது அம்மாச்சி உணவகம். வட மாகாண சபை இயங்கிய காலத்தில், மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஊடாக வந்த முயற்சி அது. பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து குரக்கனிலும் உழுந்திலும் உள்ளூர்ப் பலகாரம் செய்து கண்முன்னே சுட்டு விற்கிறார்கள். திருநெல்வேலியில் மத்தியான நேரம் பல்கலைக்கழக மாணவரும் அலுவலகக்காரரும் அங்கே வரிசையில் நிற்பதைக் காணலாம். தெரிவுசெய்யப்பட்ட ஒரு மன்றம் சாப்பாட்டைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை அந்த வரிசை காட்டுகிறது. அந்த மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது.

மாடு, வயல், வெள்ளவாய்க்கால்

யாழ்ப்பாணத்தில் நெல் பெரும்பாலும் மழையை நம்பிய காலபோகம். மாரிமழைக்கு முன்பாகவோ மழையோடோ விதைத்துத் தை, மாசியில் அறுப்பார்கள். அரியாலை, செம்மணிப் பக்கத்து வயல்களிலும் இதுதான் முறை. பயிர் முழங்காலளவு வளர்ந்த நேரத்தில் கமக்காரரின் நித்திரையைக் கெடுப்பது கட்டாக்காலி மாடுகள். பகலில் கண்டி வீதியில் படுத்திருக்கும் மாடு இரவில் வயலுக்குள் இறங்கினால் காலையில் ஒரு பரப்பு மொட்டையாகக் கிடக்கும். கட்டாக்காலிகளைப் பிடித்து அடைப்பதும், உரிமையாளரிடம் தண்டம் அறவிடுவதும் உள்ளூராட்சி மன்றத்தின் அதிகாரம். பிடிக்க ஆளும் அடைக்கப் பட்டியும் தீனிக்குப் பணமும் பாதீட்டில் ஒதுக்காத சபை ஒலிபெருக்கியில் அறிவித்தல் மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கமும் இருக்கிறது. மேய்ச்சல் நிலம் குறைந்துபோன ஊரில் மாட்டுக்காரர் எங்கே கட்டுவார்? பாலும் உணவுதான். அந்தச் சிறு வளர்ப்பாளரின் பேச்சையும் கேட்டு ஒரு வழி காண வேண்டிய இடமும் அதே சபை மண்டபம்.

மழை பெய்தால் அடுத்த பிரச்சினை. வெள்ளவாய்க்கால் தூர்ந்திருந்தால் ஊர் நீர் வயலில் தேங்கி, பயிர் அழுகும். குளத்தையும் பள்ளக் காணியையும் மண் போட்டு நிரப்பி மதில் எழுப்பினால் மழைநீர் நிலத்துக்குள் இறங்க வழியில்லாமல் போகும். வயல் காணியை வேறு தேவைக்கு மாற்றக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஆனால் கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுப்பது சபை. அந்த வரைபடம் மேசைக்கு வரும்போது வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது என்று கேட்கும் ஒரு வட்டார உறுப்பினர் இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே நின்றுவிடும். நகரத்தை ஒட்டிக் காணி விலை ஏறிக்கொண்டிருக்கும் அரியாலை போன்ற ஊருக்கு இது சின்ன விடயமல்ல.

கிணற்றுத் தண்ணீர்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறார்கள், அதைத்தான் தோட்டத்துக்கு இறைக்கிறார்கள். தலையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டுவிட்டது. அது குடிநீருக்குத்தான். வெங்காயத்துக்கும் கத்தரிக்கும் கிணற்றை விட்டால் வேறு போக்கில்லை.

மேலே போடுவதெல்லாம் கீழே போய்ச் சேரும் நிலம் இது. அளவுக்கு மிஞ்சிய உரத்தாலும் மலக்குழிகளாலும் பல கிணறுகளில் நைத்திரேற்று, குடிநீருக்கான உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையப் பகுதியிலிருந்து எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தபோது ஊரவர் தங்கள் கிணற்றை விட்டுப் பவுசர் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். அந்த வழக்கில் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்றது.

சுன்னாகத்து நிலையத்துக்கு அனுமதி கொடுத்தவை மத்திய நிறுவனங்கள். ஆனாலும் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையிலான தூரத்தை வரைபடத்தில் பார்ப்பது, மலக்கழிவு பவுசர் எங்கே கொட்டுகிறது என்று கண்காணிப்பது, குப்பைமேட்டை எங்கே வைப்பது என்று முடிவெடுப்பது எல்லாம் உள்ளூராட்சியின் வேலை. குப்பையில் பெரும்பங்கு சந்தையிலும் சமையலறையிலும் இருந்து வருகிற உக்கும் கழிவு. பிரித்துச் சேர்த்தால் தோட்டத்துக்குப் பசளை. பிரிக்காமல் கொட்டினால் பக்கத்துக் கிணற்றுக்கு நஞ்சு.

ஊர்ச் சபைக்கு எவ்வளவு துணிவு இருக்கலாம் என்பதற்குக் கேரளத்தில் ஒரு சாட்சி உண்டு. பாலக்காடு மாவட்டத்துப் பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டு கொக்கோ கோலா ஆலை தொடங்கியது. இரண்டு ஆண்டுக்குள் கிணறுகள் வற்றுவதாகவும் தண்ணீர் குடிக்க முடியாமல் போவதாகவும் ஊரவர், குறிப்பாக ஆதிவாசிப் பெண்கள், ஆலை வாசலில் போராடத் தொடங்கினார்கள். ஆலைக்கு உரிமம் கொடுத்திருந்த பெருமாட்டி ஊராட்சி, 2003 ஏப்ரலில் அதைப் புதுப்பிக்க மறுத்தது. நிறுவனம் வழக்குக்குப் போனது. நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று வேறான தீர்ப்புகளைச் சொல்லின. ஆனால் 2004 மார்ச்சில் நின்ற உற்பத்தி திரும்பத் தொடங்கவே இல்லை. உலகப் பெருநிறுவனம் ஒன்றுக்கு முன்னால் நின்றது, தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் பொறுப்பான ஒரு சிறிய ஊராட்சி மன்றம். அதன் உறுப்பினர்களைத் தெரிவுசெய்தவர்கள் அந்தக் கிணறுகளில் தண்ணீர் அள்ளியவர்கள்.

சபையின் கை எட்டாத இடம்

எல்லாமே சபையால் முடியும் என்று சொன்னால் அதுவும் பொய். அரியாலையிலேயே அதற்கு உதாரணம் உண்டு. இலங்கை–சீனக் கூட்டு நிறுவனம் ஒன்றின் கடலட்டைக் குஞ்சு வளர்க்கும் நிலையம் அங்கே இயங்கியது. கடனீரேரிக்கு அக்கரையில், பூநகரிப் பக்கத்துக் கௌதாரிமுனையில் கடலட்டைப் பண்ணை அமைக்கப்பட்டது 2021இல் வெளியே தெரிந்தபோது, தங்கள் தொழிலிடம் பறிபோகிறது என்று கடற்றொழிலாளர் எதிர்த்தார்கள். அந்த டிசெம்பரில் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்தபோது அரியாலை நிலையத்தையும் பார்வையிட்டார். 2022 ஜூனில் யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் கடலட்டை வளர்க்க அமைச்சரவை அனுமதி கொடுத்தது. மீன் இறங்கும் துறைக்குப் போகும் ஊர்வீதி சபையுடையது. மீன் விற்கும் சந்தையும் சபையுடையது. மீன் வளரும் கடனீரேரி மட்டும் மத்திய அரசின் கையில்.

2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்திய முடிவும் அப்படித்தான் மேலிருந்து வந்து இறங்கியது. பிரதேச சபையால் அதைத் தடுத்திருக்க முடியாது. ஆனால் தோட்டத்துக்குப் போடக் கூட்டெரு எங்கே என்று கமக்காரர் தேடியபோது, சந்தைக் கழிவை ஒழுங்காகப் பிரித்துப் பசளையாக்கி வைத்திருந்த சபையால் கொஞ்சமாவது கைகொடுக்க முடிந்திருக்கும். மேலிருந்து வருகிற அடியின் வேகத்தைக் குறைப்பதும் ஒரு வேலைதான்.

ஆளில்லாச் சபை

வாக்கின் பெறுமதி, வாக்கு இல்லாத காலத்தில் நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்துக்கு அந்த அனுபவம் நிறைய உண்டு. 1983க்குப் பிறகு அடுத்த உள்ளூராட்சித் தேர்தலைப் பார்க்க 1998 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தேர்தலின் பின் மாநகர முதல்வரான சரோஜினி யோகேஸ்வரன் அதே ஆண்டு மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன் சிவபாலன் செப்டெம்பரில் குண்டுவெடிப்பில் இறந்தார். போர் முடிந்த கையோடு 2009 ஓகஸ்ட்டில் நடந்த மாநகர சபைத் தேர்தலில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 22 வீதம்தான்.

பிந்திய இடைவெளி இன்னும் நினைவில் இருக்கும். 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச் 19 அன்று முடிந்தது. அந்த மார்ச் 9இல் நடக்க வேண்டிய தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போய், ஏப்ரலுக்குக் குறித்த திகதியிலும் நடக்கவில்லை. தேர்தலை நடத்தாமல் விட்டது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்ட் 22 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைசியில் 2025 மே 6 அன்றுதான் வாக்கெடுப்பு நடந்தது.

அந்த இரண்டு ஆண்டுக்கு மேலான காலத்தில் சபைகளை ஆணையாளர்களும் செயலாளர்களும் நடத்தினார்கள். குப்பை அள்ளப்பட்டது, சம்பளம் கொடுக்கப்பட்டது. ஆனால் சந்தைக் குத்தகையைப் பற்றியோ தூர்ந்த வாய்க்காலைப் பற்றியோ பகிரங்கமாக எழுந்து கேள்வி கேட்க மன்றத்தில் ஒருவரும் இல்லை. அது எப்படிப்பட்ட காலம் என்பதையும் மறக்கக் கூடாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டிருந்தது. சனம் அரிசியையும் பால்மாவையும் எண்ணி எண்ணி வாங்கிக்கொண்டிருந்த அந்த நெருக்கடியின் தழும்பு ஆறும் முன்பே ஊர்ச் சபைகள் ஆளில்லாமல் கிடந்தன.

புள்ளடி எங்கே போகிறது

இப்போதைய முறையில் வாக்காளர் ஒரு புள்ளடி போடுகிறார். அது இரண்டு வேலை செய்கிறது. உறுப்பினர்களில் 60 வீதமானோர் வட்டாரங்களிலிருந்து நேரடியாக வருகிறார்கள். மீதி 40 வீதம் கட்சிகள் பெற்ற வாக்குகளின் விகிதத்துக்கேற்பப் பட்டியலிலிருந்து வருகிறார்கள். மொத்தத்தில் கால்வாசி பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பழைய விருப்பு வாக்கு முறையில் முழுப் பிரதேசத்துக்கும் பொதுவாக இருந்த உறுப்பினருக்குப் பதில், இன்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பெயர் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார். அவருடைய வீட்டுப் படலை எங்கே என்று ஊருக்குத் தெரியும்.

இந்த முறையில் ஒரு கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை கிடைப்பது அரிது. 45 உறுப்பினர்களைக் கொண்ட யாழ்ப்பாணம் மாநகர சபையில் 2018இலும் கிடைக்கவில்லை, 2025இலும் கிடைக்கவில்லை. அதன் விளைவை நகரம் பார்த்தது. 2020 டிசெம்பரில் பாதீடு இரண்டு தடவை தோற்று முதல்வர் பதவியிழந்தார்; அடுத்தவர் ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் தெரிவானார். இன்றைய முதல்வர் விவேகானந்தராஜா மதிவதனி 2025 ஜூன் 13 அன்று சபைக்குள் நடந்த வாக்கெடுப்பில்தான் பதவிக்கு வந்தார். மன்றத்துக்குள் ஓரிரு கை கூடக் குறைய உயர்வதில் முதல்வரும் மாறலாம், பாதீடும் கவிழலாம். சில பத்து வாக்குகளில் வெற்றி தோல்வி தீர்மானமாகும் வட்டாரத்தில், வெயில் தாழட்டும் என்று வீட்டில் இருந்துவிட்ட நாலு குடும்பத்தின் நிறை என்ன என்பதை இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

புள்ளடி போட்டதோடு வேலை முடிவதில்லை. ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டுக்கான பாதீடு மன்றத்துக்கு வருகிறது. சந்தை, வடிகால், கட்டாக்காலிப் பட்டி, பசளை தயாரிப்பு ஆகியவற்றுக்கு எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும், அல்லது எழுதியிராது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சந்தைக் குத்தகை யாருக்கு எவ்வளவுக்குப் போனது, ஒப்பந்தத்தில் என்ன நிபந்தனை இருக்கிறது என்று குடிமக்கள் எவரும் விண்ணப்பம் எழுதிக் கேட்கலாம். சபைக் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்க்கப் பிரதேச சபைகள் சட்டம் இடம் கொடுக்கிறது. கமக்காரர் அமைப்பிலிருந்து ஒருவரும், சந்தையில் கீரை விற்கும் பெண்களில் ஒருவரும் அப்படி ஒரு குழுவில் இருந்தால் தராசடிக் கதை நேரடியாகக் கூட்ட அறிக்கையில் ஏறும்.

2025 ஜூனில் தொடங்கிய சபைகளின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். அடுத்த முறை வேட்பாளர் துண்டுப்பிரசுரத்தோடு அரியாலைப் படலைக்கு வரும்போது கேட்க வேண்டியவை நீண்ட பட்டியல் அல்ல. சந்தையில் கழிவு எடுக்கிற வியாபாரியின் உரிமத்தை என்ன செய்வீர்கள்? குத்தகைப் பணத்தில் எவ்வளவு சந்தைக்குத் திரும்பி வரும்? கட்டாக்காலியைப் பிடித்து எங்கே கட்டுவீர்கள்? மலக்கழிவு பவுசர் எங்கே போகிறது? பதில் சொல்லத் தெரியாதவர் போய்ப் படித்துவிட்டு இன்னொரு நாள் வரட்டும். அவருக்கும் வாக்கு வேண்டுமே.